பதிவேட்டில் இல்லாத காவல்

ஜியோகேச்சிங் என்ற புதையல் தேடும் விளையாட்டில் ஒரு மரபு எனக்கு ஒப்பவே இல்லை. ஒளித்துவைத்திருக்கும் பெட்டியை எடுக்கும்போது, விளையாட்டில் சேராதவர்கள் எவர் கண்ணிலும் படக்கூடாது என்பதுதான் அது. ஆள் நடமாட்டம் இருந்தால் கைபேசியில் பேசுவதுபோல நிற்க வேண்டும். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக் குனிய வேண்டும். அவர்கள் கடந்துபோன பிறகே கையை நீட்ட வேண்டும். பெருநகரத்துப் பூங்காவில் இதற்கு நியாயம் இருக்கலாம். அங்கே பெட்டியைக் கண்டவர் குப்பை என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடுவார். ஆனால் விடியலிலிருந்து அந்தி வரை ஆட்கள் உழைத்துக்கொண்டே இருக்கும் ஒரு கடற்கரையில், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களிடமிருந்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை மறைக்க வெளியூர்க்காரன் நாடகம் ஆட வேண்டுமா? ராமநாதபுரம் மாவட்டத்தின் வடகரையில் ஒரு பெட்டியைத் தேடிப் போன நாளிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நண்பர்களிடம் வாதாடிப் பார்த்தேன். "விளையாட்டுதானே, இதற்கு ஏன் இவ்வளவு?" என்றார்கள். பிழைப்புக்காக ஒருவர் மறைத்தால் பொறுத்துக்கொள்ளலாம். விளையாட்டுக்காக மறைக்கும்போதுதான், மறைக்க அப்படி என்ன கட்டாயம் என்று கேட்கத் தோன்றுகிறது.

விளையாட்டின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000 மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தடுமாறிய கருவிகள் சட்டென்று துல்லியமாயின. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஆரெகான் மாநிலத்தில் ஒரு வாளியை மறைத்துவைத்து, அதன் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் வெளியிட்டார். வாளிக்குள் சில பொருட்கள், ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில். தேடிக் கண்டவர் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். குறிப்பேடு வைக்கும் பழக்கம் அதற்கும் மிக மூத்தது. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டுநிலத்தில், எளிதில் எட்ட முடியாத ஒரு குட்டையருகே, 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி ஒரு கண்ணாடிப் போத்தலை வைத்தார். நடந்து அங்கே சேர்ந்தவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டுவிட்டு வந்தார்கள். "நான் இங்கே வந்தேன்" என்று எழுதிவைக்கும் ஆசை மனிதனுக்குத் தீராத ஆசை. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். என் குறை, அந்த ஏட்டில் யாருடைய பெயருக்கு இடமில்லை என்பதில்தான் இருக்கிறது.

என்னை இதில் இழுத்துவிட்டவன் என் மாமா மகன். ஜெர்மனியில் வேலை பார்க்கிறான். அங்கே இந்தப் பெட்டிகள் காடெல்லாம், ஊரெல்லாம் நிறைந்து கிடக்கின்றன. நம் நாட்டில் மிகக் குறைவு. தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் கைபேசியைத் திறந்து, "அத்தான், நம் கடற்கரையிலேயே ஒன்று இருக்கிறது!" என்று குதித்தான். மண்டபத்துக்கும் தொண்டிக்கும் இடைப்பட்ட கரையில் ஒரு சிற்றூர். பெயரைச் சொன்னால் தேடுபவர்களுக்குச் சுவை போய்விடும் என்பதால் விட்டுவிடுகிறேன். பரமக்குடியில் பிறந்து வளர்ந்த எனக்குக் கடல் என்பது ஆடி அமாவாசைக்குத் தேவிபட்டினம் போவதோடு சரி. மாப்பிள்ளையின் உற்சாகம் தொற்றிக்கொள்ள, நானும் கிளம்பினேன்.

வரைபடத்துக்குத் தெரியாத காலம்

அந்தப் பெட்டிக்கென்று இணையத்தில் இருந்த பக்கத்தில், முன்பு தேடியவர்கள் எழுதிய பதிவுகள் வரிசையாக இருந்தன. பஸ்ஸில் போகும்போது அவற்றைப் படித்துக்கொண்டே போனோம். இரண்டே வகை. "கண்டேன், நன்றி" என்பது ஒன்று. "எவ்வளவோ தேடினேன், காணவில்லை" என்பது மற்றொன்று. இரண்டும் மாறி மாறி வந்தன. காணாமல் போன பெட்டி என்று ஒருவர் எழுத, சில மாதம் கழித்து இன்னொருவர் அதே இடத்தில் சுலபமாகக் கண்டதாக எழுதியிருந்தார். சிலர் அதைச் சாமர்த்தியமான மறைவிடம் என்று மெச்சியிருந்தார்கள். சிலர் ஜிபிஎஸ் புள்ளி பிசகியிருக்கிறது என்று குறைபட்டிருந்தார்கள். ஒருவர், கண் இருந்தும் காணாதவர்களுக்காகப் பரிதாபப்படுவதாகவே எழுதியிருந்தார். நாங்கள் தேதிகளைப் பார்க்கவில்லை, சொற்களை மட்டுமே படித்தோம்.

கரையில் இறங்கியதும் கைபேசியின் அம்புக்குறி கடலுக்குள் காட்டியது. கரையிலிருந்து சற்றுத் தள்ளி, தண்ணீருக்குள் வெட்டிய பனைகளின் அடித்தூர்கள் வரிசையாக நின்றன. இடுப்பு உயரம் ஒன்று, முழங்கால் உயரம் ஒன்று. புள்ளி அந்த வரிசையில்தான் விழுந்தது. ஐப்பசி மாதம். வாடைக்காற்று பிடித்துவிட்டிருந்தது. ராமேசுவரம் பக்கத்தில் பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வருடத்தில் பெரும்பகுதி அந்தப் பெயர் பொருந்தும். ஆனால் வடகிழக்குப் பருவம் இறங்கிவிட்டால் அமைதியான கடலும் கரையை அறையும். அன்று அறைந்துகொண்டிருந்தது.

மாப்பிள்ளை காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கப்போனான். வலைக் குவியலுக்கு அருகில் அமர்ந்து கயிறு பிரித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவைக் கண்டதும் நின்று, மரபுப்படி கைபேசியில் பேசத் தொடங்கினான். அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் குரல் கொடுத்தார்: "தம்பி, இப்போது ஏற்றம். உள்ளே முழுக்கத் தாழை, கடற்புல். திருக்கை படுத்திருந்தால் மிதித்துவிடுவீர்கள். பெட்டியைத்தானே தேடுகிறீர்கள்? அது அங்கே இல்லை. எங்கள் வீட்டில் இருக்கிறது."

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. மாப்பிள்ளை காதிலிருந்து கைபேசியை எடுக்க மறந்து நின்றான்.

அவர் சொன்ன விவரம் இதுதான். கடற்கரையில் பாசி வளர்க்கும் பெண்கள் குழுவில் அவர் இருக்கிறார். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் தெப்பம். அதில் குறுக்கே கயிறுகள். கயிற்றில் விதைப்பாசியை முடிந்து கடலில் விட்டால் நாற்பத்தைந்து நாளில் அறுவடை. விதை முடிவதெல்லாம் கரையில் அமர்ந்து செய்யும் வேலை. பொருட்களை வைக்க அந்தப் பனந்தூர்ப் பக்கம் போவது வழக்கம். அப்படித்தான் பெட்டி கண்ணில் பட்டிருக்கிறது. மழைக்காலம் வந்தால் தெப்பங்களை அலை உடைத்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் கரையேற்றிவிடுவார்கள். அப்படிக் கரையேற்றும்போது, அலையில் அடித்துப்போய்விடுமே என்று பெட்டியையும் எடுத்து வீட்டில் வைத்துவிடுவார். காற்று தணிந்து, தெப்பம் மறுபடி கடலில் இறங்கும்போது பெட்டியும் தூருக்குத் திரும்பும். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான். யாரும் அவரிடம் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

மாப்பிள்ளை அவசரமாகக் கைபேசியைப் புரட்டினான். இப்போது தேதிகளைப் பார்த்தோம். "காணவில்லை" என்று எழுதியவர்கள் எல்லோரும் மழை மாதங்களில் வந்தவர்கள். "கண்டேன்" என்றவர்கள் எல்லோரும் தை பிறந்த பிறகு வந்தவர்கள். மறைவிடத்தின் சாமர்த்தியமும் இல்லை, ஜிபிஎஸ்ஸின் பிசகும் இல்லை. ஒரு பெண்ணின் கவனம் அந்தப் பதிவுகள் முழுவதிலும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு வரியில்கூட அவர் இல்லை. அந்தப் பெட்டி இன்றும் உயிரோடு இருப்பதற்கு, யார் கண்ணில் படக்கூடாது என்று விளையாட்டு சொல்கிறதோ, அவரே காரணம்.

இதில் ஓதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இந்தக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனால் தரை தட்டையானது. உயரத்தில் ஒரு முழம் இறங்கினால், நீளத்தில் கடல் வெகுதூரம் போய்விடும். நாட்டுப்படகுகள் தரைதட்டி நிற்கும்; பாசியும் சிப்பியும் வெளியே தெரியும். "கடல் உள்வாங்கியது, மக்கள் அச்சம்" என்று செய்தி வரும். கரையில் இருப்பவர்களில் அச்சப்பட்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி வற்றம் பெரிது, அட்டமியை ஒட்டிச் சிறிது என்பதும், ஏற்றம் ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளிப்போகும் என்பதும் அங்கே குழந்தைக்கும் தெரியும். பாம்பன் சின்னப்பாலம் பக்கத்தில் கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் பன்னிரண்டு நாட்கள் மட்டுமே எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். அமாவாசையை ஒட்டி ஆறு, பௌர்ணமியை ஒட்டி ஆறு. மிச்ச நாட்கள் பாசி வளர்வதற்கு. அந்த ஊரின் லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் சுற்றுச்சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. இப்படி நாள் பார்த்து வாழும் கரையில், ஒரு புள்ளியை மட்டும் கொடுத்துவிட்டுக் காலத்தைக் கொடுக்காத வரைபடம் பாதி வரைபடம்தான்.

ஏட்டில் ஒரு தமிழ்ப் பக்கம்

அவருடைய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பெட்டியைத் திறந்தோம். பூட்டுக் காது வைத்த சாப்பாட்டு டப்பா. நைலான் வலைக்கயிற்றால் குறுக்கே இரண்டு சுற்று. அந்தக் கயிறு பெட்டி வைத்தவர் கட்டியதில்லை, அந்த அம்மா கட்டியது. உள்ளே ஒரு நெகிழிப் பை, அதற்குள் குறிப்பேடு. ஓரங்கள் உப்பேறி விறைத்திருந்தன. பேனாவால் எழுதிய பெயர்கள் நீலக் கறையாகக் கலைந்துபோயிருக்க, பென்சில் எழுத்துகள் மட்டும் தெளிவாக நின்றன. பென்சில் கட்டைவிரல் நீளத்துக்குத் தேய்ந்திருந்தது. ஆங்கிலம், ஜெர்மன், ஒரு பக்கத்தில் கன்னடம். பெயரும் தேதியும், நன்றியும். பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்த மாப்பிள்ளை நடுவில் நிறுத்தினான். ஒரு பக்கம் முழுக்கத் தமிழ். பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்து.

அந்த அம்மாவின் பேத்தி எழுதியது. பிளஸ் டூ படிக்கிறாள். ஆச்சி சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறாள். பெட்டி இருக்கும் பனை யார் வைத்தது, அந்த வரிசையில் எத்தனை நின்றன, எவையெவை ஆண் பனை, எவையெவை பெண் பனை, பதநீர் இறக்க யார் ஏறினார், கருப்பட்டி எந்த வீட்டு அடுப்பில் காய்ந்தது என்று ஒரு பட்டியல். கடைசியில் அவை வெட்டுப்பட்ட கதை. பிள்ளையின் கல்யாணச் செலவுக்குக் காட்டின் உரிமையாளர் மரங்களை விற்றார். செங்கல் சூளைக்கு வாங்கிப்போனார்கள். லாரி மணலில் இறங்காது என்பதால் துண்டு போட்டுச் சுமந்து ஏற்றினார்கள். வயிரம் பாய்ந்த இரண்டு மரங்களை மட்டும் வீட்டு உத்திரத்துக்கென்று ஒருவர் தனியாக எடுத்துக்கொண்டார். அவற்றில் ஒன்று இன்னும் அந்த வீட்டில் இருக்கிறது. அதோடு பக்கம் முடிந்தது.

"இது எதற்கு இதில் எழுதினீர்கள்?" என்று கேட்டேன். "யார் யார் வந்தார்கள் என்று எழுதுகிற நோட்டுத்தானே தம்பி" என்றார் அந்த அம்மா. "முன்னால் இருந்தவர்களையும் எழுதினால் என்ன?"

நான் பதில் சொல்லவில்லை. இப்போதும் அதற்கு மறுப்பு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. பெயரைப் பொறிக்கத்தான் ஏடு என்றால், அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்றவனைவிட அங்கே ஆயுள் முழுவதும் ஏறி இறங்கியவருக்கு உரிமை அதிகம்.

பனையின் அடி

மாப்பிள்ளை ஊருக்குப் போன பிறகு, மாசியில் ஒரு வற்றத்தின்போது தனியாகப் போய் அந்தத் தூரைப் பார்த்தேன். தண்ணீர் நன்றாக இறங்கி, தூரைச் சுற்றி ஈர மணல். அடிப்பகுதியில் கொட்டலசு என்ற ஓட்டுயிர் வெள்ளையாகப் படிந்திருந்தது. கையை வைத்தால் கிழிக்கும். அதற்கு மேலே வெட்டுவாய். தேக்கை வெட்டினால் வளையங்கள் தெரியும், எண்ணினால் வயது தெரியும். பனையில் வளையம் கிடையாது. விளிம்பில் மட்டும் கரிய நார்கள் நெருங்கிக் கெட்டிப்பட்டிருக்கும். உள்ளே போகப் போக நார் தளர்ந்து, சோறு எனப்படும் மென்மையான உட்பகுதி மிகும். அந்த வெளிவளையம்தான் வயிரம். வீட்டுக்குக் கைமரமாவதும் அதுவே. உட்சோற்றைக் குடைந்து எறிந்துவிட்டுத் தண்ணீர் ஓடும் பத்தலாகப் போட்டதும் உண்டு. இந்தத் தூரில் உப்பும் மழையும் வெயிலும் சோற்றைத் தின்றுவிட்டன. மிஞ்சிய வயிரம் ஒரு குடம்போல நின்றது. கரிய நார்முனைகள் விளிம்பில் குத்திட்டு நிற்க, அதற்குள் பெட்டி, மேலே ஒரு கல். ஒரு பக்கம் கோடாலியின் சாய்ந்த வெட்டு. மறுபக்கம் ரம்பத்தின் தட்டையான அறுப்பு. மரம் சாயவேண்டிய பக்கத்தில் கோடாலியால் வாய் வைத்துவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து அறுத்திருக்கிறார்கள். வெட்டியவர் தொழில் தெரிந்தவர்.

ஆனால் எந்த வருடம் வெட்டினார்கள் என்பதை அந்த மரம் சொல்லாது. எத்தனை வருடம் நின்றது என்பதையும் சொல்லாது. அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்தப் பென்சில் பக்கம் இல்லாவிட்டால், இந்தத் தூர்கள் தேடுபவர்களுக்குக் கடலில் நிற்கும் கட்டைகள் மட்டுமே.

பனைக்கும் இந்தக் கரைக்கும் உள்ள உறவு சில்லறை உறவு அல்ல. ஒல்லாந்தர் எனப்பட்ட டச்சுக்காரர் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து பனஞ்சட்டங்கள் சோழமண்டலக் கரைக்குக் கப்பலேறி வந்தன. எதிர்க்கரையிலிருந்து மரம் வந்து இறங்கிய இந்தக் கரையிலேயே, சாயல்குடிப் பக்கம் போனால் இன்றும் கண்ணுக்கெட்டிய தூரம் பனை. 1978இல் பனையை மாநில மரமாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் சூளைக்கு வெட்டுவது நிற்கவில்லை. 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில்தான், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்ற அறிவிப்பு வந்தது. அந்தத் தூர்கள் வெட்டுப்பட்டது அதற்கு வெகுகாலம் முன்பு. சீமைக்கருவேலத்துக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. வெட்டி மூட்டம் போட்டுக் கரியாக்கி ஊர் ஊராக அனுப்புகிறார்கள். வெட்ட வெட்டத் தழைக்கிறது. வெட்டினால் தழைக்காத பனையைப் போய் ஏன் சூளைக்கு அனுப்பினார்கள் என்ற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. விற்றவர் மீது கோபம் வரவில்லை. கல்யாணச் செலவு எதையெல்லாம் விற்க வைக்கும் என்று எனக்குத் தெரியும்.

கரையிலிருந்த பனைகள் நின்றிருந்தால் கடல் இவ்வளவு உள்ளே வந்திருக்காது என்கிறார் அந்த அம்மா. கரை அரிப்புக்குக் காரணங்கள் பல என்பதை நான் அறிவேன். ஆனாலும் மரம் நின்றபோது அது மேட்டு நிலம், இன்று ஓதம் தொடும் இடம் என்பதை அந்தத் தூர்களே காட்டிக்கொண்டு நிற்கின்றன. உப்புத்தண்ணீரில் யாரும் பனங்கொட்டை ஊன்றியிருக்க மாட்டார்கள்.

எதை எழுதுவது

இனி எங்களுக்குள் நடந்த சண்டைக்கு வருகிறேன். சண்டை என்றே சொல்லலாம். இரண்டு நாள் வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெட்டியைப் பார்த்தாயிற்று, ஏட்டில் பெயரும் எழுதியாயிற்று. இணையத்தில் "கண்டேன்" என்று போடுவதா, "காணவில்லை" என்று போடுவதா? மாப்பிள்ளை நேர்மையானவன். குறித்த இடத்தில் பெட்டி இல்லை, நாங்கள் தேடிக் கண்டுபிடிக்கவும் இல்லை, ஆகவே "காணவில்லை" என்பதே சரி என்றான். அந்த அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதக்கூடாது என்பதிலும் பிடிவாதமாக நின்றான். எழுதினால், இடம் மாறும் பெட்டி என்று சொல்லி நிர்வகிப்பவர்கள் பக்கத்தையே முடக்கிவிடுவார்கள் என்ற பயம். பெட்டியைக் காப்பாற்றத்தான் அவன் மறைத்தான். அது எனக்குப் புரிகிறது. ஆனால் விளைவு என்ன? மழை மாதத்தில் எழுதப்பட்ட இன்னொரு "காணவில்லை". அடுத்து படிப்பவருக்கு அங்கே எதுவுமே இல்லை என்று பொருள். அங்கே எல்லாமும் இருந்தது. பெட்டி, ஏடு, அதைக் காத்தவர், பனையின் கதை, அந்த அம்மா ஊற்றிக் கொடுத்த வறக்காப்பி உட்பட.

என் கட்சி இதுதான். ஒரு பதிவு விதிப்படி சரியாக இருந்தும் பொய்யாக இருக்க முடியும். "காணவில்லை" என்ற சொல் அந்தப் புள்ளியைப் பற்றி உண்மை. அந்த இடத்தைப் பற்றிப் பொய். எந்த விதி ஒரு பொய்யை எழுத வைக்கிறதோ, அந்த விதியை மாற்றிக்கொள்ள வேண்டுமே தவிர ஆளை மறைக்கக்கூடாது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. இது எல்லைக் கடல். மண்டபத்தில் கடலோரக் காவல்படை, உச்சிப்புளியில் கடற்படையின் விமானதளம், கரையெங்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் ரோந்து. கரையில் கேட்பாரற்றுக் கிடக்கும் பொட்டலம் எதுவாக இருந்தாலும் சந்தேகத்துக்கு உரியது. பனந்தூருக்குள் கல்லுக்கு அடியில் கட்டி வைத்த பெட்டியைக் காவலர் யாராவது கண்டெடுத்தால், முதலில் விசாரிக்கப்படுவது யார்? பெங்களூரிலிருந்தும் பெர்லினிலிருந்தும் வந்துபோனவர்களா? அந்த ஊர்க்காரர்கள்தான் வரிசையில் நிற்பார்கள். அந்த அம்மா அதைத் தன் வீட்டில் வேறு வைத்திருக்கிறார். சொல்லாமல் ஒளித்து வைப்பவர் தன் விளையாட்டின் ஆபத்தைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டுப் போகிறார். நிலத்துக்கு உரியவரின் அனுமதி பெற்றே பெட்டி வைக்க வேண்டும் என்று விளையாட்டின் விதிகளே சொல்கின்றன. ஓதம் வந்துபோகும் மணலுக்குப் பட்டா இல்லை. அதற்காக அது யாருக்கும் உரியதல்ல என்று ஆகிவிடுமா? அதில் வேலை செய்கிறவர்களிடம் கேட்பதே அங்கே அனுமதி.

பெட்டியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். அதற்கும் இந்த விளையாட்டில் வழி இருக்கிறது. 2004 முதல் எர்த்கேச் என்று ஒரு வகை உண்டு. அதில் பெட்டி கிடையாது. இடத்துக்குப் போய், அங்குள்ள நிலவியல் அமைப்பைப் பார்த்து, கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்பினால் போதும். மணல் இடம் மாறும் கரைக்கும், பவளப்பாறைத் தீவுகள் இருக்கும் மன்னார் வளைகுடாப் பக்கத்துக்கும் அதுவே பொருத்தம் என்று நானும் நினைக்கிறேன். கடலில் ஒரு பிளாஸ்டிக் குறையும். இந்தக் கரைக்கும் அதையே பரிந்துரைக்கலாம் என்று கிட்டத்தட்ட முடிவு செய்துவிட்டேன். ஆனால் அந்தத் தமிழ்ப் பக்கம் நினைவுக்கு வந்தால் முடிவு நிற்கவில்லை. பெட்டி இல்லையென்றால் ஏடு இல்லை. ஏடு இல்லையென்றால் அந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்காது. அந்தப் பனைகளைப் பற்றி வேறு எந்தக் காகிதத்திலும் ஒரு வரி கிடையாது.

ஆகவே நான் கேட்பது வேறு. பெட்டி இருக்கட்டும், ஒளிவு மட்டும் போகட்டும். பெட்டியை வைத்தவருக்குக் கடிதம் எழுதினேன். வேலை நிமித்தம் இங்கே சில காலம் இருந்துவிட்டுப் போனவர். நடந்ததை விவரமாக எழுதி, மூன்று காரியங்கள் கேட்டேன். ஐப்பசியிலிருந்து தை வரை பக்கத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டும்; அதற்கு அந்தத் தளத்திலேயே வசதி இருக்கிறது. விவரக் குறிப்பில் தமிழும் இருக்க வேண்டும். இந்தப் பெட்டி ஊரார் அறிய, ஊரார் பொறுப்பில் இருக்கிறது என்று ஒரு வரி வேண்டும். அவர்கள் கண்ணில் படாமல் எடுக்கும் தேவை இல்லை, போனதும் வணக்கம் சொல்லிவிட்டுத் தேடுங்கள் என்று அதோடு சேர்க்க வேண்டும். முதல் இரண்டுக்கும் உடனே சம்மதித்தார். மூன்றாவதுக்குத் தயங்குகிறார். ஊரார் காட்டிக்கொடுத்துவிட்டால் தேடலின் சுவை என்னாவது என்கிறார். அவருடைய தயக்கத்தை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்கவில்லை. அந்த அம்மா எங்களிடம் இடத்தைக் காட்டவில்லை, காலத்தைத்தான் சொன்னார். தேடல் அதனால் கெடவில்லை. நான் இதுவரை தேடியதிலேயே பெரிய கண்டுபிடிப்பு அதற்குப் பிறகுதான் கிடைத்தது.

என் பெயரில் நான் தனியாக ஒரு பதிவு போட்டேன். தமிழில். "கண்டேன்" என்று தொடங்கி, மழைக்காலத்தில் பெட்டியைக் காப்பவர் யார் என்பதை, பெயரும் வீடும் சொல்லாமல், எழுதினேன். மாப்பிள்ளை ஜெர்மனியிலிருந்து அழைத்து, "அத்தான், எழுதிவிட்டீர்களே" என்றான். கோபமாகத்தான் சொன்னான். இரண்டு வாரம் கழித்துத் தன் பழைய பதிவுக்குக் கீழே அவனும் இரண்டு வரி சேர்த்திருந்தான். பக்கத்தை யாரும் முடக்கவில்லை, இந்த வரி எழுதும் வரை.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டிய நாளாகப் பார்த்து, தை பிறந்த பிறகு போங்கள். தாழைக்குள் காலை இழுத்து இழுத்து நடங்கள், திருக்கை விலகிக்கொள்ளும். நல்ல பென்சில் ஒன்றும் ஒரு புதுக் குறிப்பேடும் கொண்டுபோங்கள். பழைய ஏட்டில் சில பக்கங்களே மிச்சம். அந்தப் பேத்தி, கரையில் தூர்ந்துபோன நல்ல தண்ணீர்க் கிணற்றைப் பற்றியும், அதை வெட்டியவர்களைப் பற்றியும் ஆச்சியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்கு இடம் போதாது.